எங்கள் சந்துக்குள் திரும்பிய குதிரை

பிள்ளைகளே, மதுரை வீரன் திருவிழாவில் குதிரை ஏன் பெரிய தெருவை விட்டு நம் சந்துக்குள் வருகிறது என்று கேட்டால், வீரனே ஆசைப்பட்டு வந்தான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நீங்களும் அப்படித்தான் நம்புகிறீர்கள். நடந்தது என்னவென்று நான் எழுதிவைக்கிறேன்.

துறைமுகக் கிடங்குக்குப் பின்னால் மரத்தடியில் இருக்கிற வீரன் கோயில் அப்போது வெறும் கல்லும் அரிவாளும்தான். கப்பலில் மூட்டை தூக்குகிற நாங்கள் வைத்துக் கும்பிட்டது. மாறுகால் மாறுகை வாங்கின பிறகும் ஊர் வாசலைக் காத்து நிற்கிறவன் என்று அவன்மேல் எங்களுக்குத் தனிப் பிரியம். அந்த வருஷம் வீரனாகக் குதிரை கட்டுகிற முறை எனக்கு வந்தது.

மூங்கில் குதிரையை லேசாக நினைக்காதீர்கள். தலைவழியாக மாட்டி, வாரைத் தோளில் போட்டு, இடுப்பைச் சுற்றித் துணியைச் சாக்கு ஊசியால் தைத்துவிடுவார்கள். முடிச்சு முதுகில். கோயிலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு பூசாரிதான் பிரிக்கவேண்டும். நடுவழியில் இறக்கினால் வீரன் விழுந்ததாக அர்த்தம். அந்த வருஷம் துறைமுகத்தில் யாருக்காவது உயிர் போகும் என்று பயம்.

"நல்லா இறுக்கித் தைங்கண்ணே, பொண்டாட்டி நெனப்புல ஓடிருவான்" என்று மேளக்காரன் கேலி செய்தான். உங்கள் அம்மா அப்போது நிறைமாசம்.

டிராம் ஓடுகிற தெருவில் ஆடிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அக்கா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"தம்பி, வலி எடுத்துருச்சு. புள்ள குறுக்க கெடக்குன்னு பிடான் சொல்றா."

பிடான் என்றால் பிரசவம் பார்க்கிற மலாய்க்கார அம்மா. எங்கள் முதல் பிள்ளையும் அப்படித்தான் குறுக்கே கிடந்தது. பிழைக்கவில்லை. உங்கள் அம்மா பிழைத்ததே பெரிய காரியம்.

"அண்ணே, தையலைப் பிரிச்சு விடுங்க" என்று பூசாரியிடம் கெஞ்சினேன். அவர் மாட்டுவண்டி ஓட்டுகிறவர், பிடிவாதக்காரர்.

"நடு ஜாலான்ல, தெருவுல வச்சு, வீரனை எறக்கச் சொல்றியா?"

"எறக்க வேணாம். என் வீட்டு வழியா போவோம்."

"புள்ள பொறக்குற வீடு, தீட்டுப்பா. சாமி அங்க போவாது."

முன்னால் பூசாரி. பின்னால் டிராம்காரன் மணியடித்துத் திட்டுகிறான். இரண்டு பக்கமும் ஜனம். முதுகு முடிச்சுக்குக் கை எட்டவில்லை. வாய்விட்டு அழுதேன். உடம்பெல்லாம் நடுங்கியது; குதிரைத் தலையும் சேர்ந்து ஆடியது.

"வீரன் எறங்கிட்டான்டா!" என்று யாரோ கத்தினார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். பூசாரியே கையெடுத்துக் கும்பிட்டு விலகினார். அருள் வந்தவனை யார் தடுப்பார்கள்? நான் சந்துக்குள் ஓடினேன். மேளமும் கூட்டமும் என் பின்னாலேயே வந்தன.

ஓடி என்ன பயன்? வீட்டு வாசல் குறுகல். குதிரைத் தலையும் கழுத்தும் உள்ளே போயின. நான் வெளியே மாட்டிக்கொண்டேன்.

"ஜங்கான் மாசோக்! உள்ளே வராதே!" என்று பிடான் அம்மா சத்தம் போட்டாள். மேளம் நின்றது. உங்கள் அம்மா முனகுவது மட்டும் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. வார் தோளை அறுத்தது. வீரனிடம் என்ன வேண்டினேன் என்றுகூட நினைவில்லை.

குழந்தை அழுதது.

"பொம்பளப் புள்ள! ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்ல தம்பி!" என்றாள் அக்கா.

உள்ளேயிருந்து ஈனசுரத்தில் உங்கள் அம்மா கேட்டாள்: "வாசல்ல என்ன அது?"

"நான்தான்."

"குதிரைய வெளிய எடுங்க. காத்தே வரல."

எடுத்தேன். சந்தில் குதிரையைத் திருப்ப இடமில்லை. தையல் பிரிக்கக் கோயிலுக்குத்தான் போகவேண்டும்; வீட்டைப் பார்த்தபடியே பின்னுக்கு நடந்து தெருவுக்குப் போனேன். அன்று பிறந்த உங்கள் பெரியக்காவை நான் அதுவரை கண்ணால் பார்த்திருக்கவில்லை.