நீலச் சட்டையின் நூல்

நெய்யாற்றின்கரையில் கதவுப் பூட்டுக்குப் பெரிய துளை போட பிட் வாங்கப் போனேன். "சேச்சி, திருகு முனை உள்ளது வேண்டாம். அது தானே இழுத்துட்டுப் போறதாக்கும், நெனச்ச இடத்துல நிக்காது" என்ற கடைக்காரர், வேறொன்றைப் பலாப்பலகையில் ஓட்டிக் காட்டினார். பலாத்தூளின் மணம் எழுந்ததும் நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

பாறசாலையில் நாங்கள் இருந்த ஓட்டு வீடு இன்று இல்லை. அதன் அடுக்களைக்குப் பலாமரக் கதவு, கீழே ஒரு குட்டித் தாழ்ப்பாள். அன்று உள்ளே மண்ணெண்ணெய் ஸ்டவ் எரிந்துகொண்டிருக்க, மூன்று வயதுத் தம்பி கதவை உள்ளிருந்து தாழிட்டுவிட்டு, திறக்கத் தெரியாமல் அலறினான். தச்சரான அப்பா வெள்ளறடையில் வேலையில் இருந்தார். அவருடைய பெட்டியைக் கவிழ்த்த அம்மா, எளிதாக இறங்கும் என்று திருகு முனையையே எடுத்து, கையால் சுற்றித் துளையிடும் தமரில் மாட்டினாள்.

"மக்கா, கதவுகிட்ட நிக்காத, தள்ளிப் போ, கேட்டியா" என்று சொல்லிச் சொல்லிச் சுற்றினாள். மஞ்சள் தூள் அவள் மடியில் கொட்டிக்கொண்டேயிருந்தது. சட்டென்று தம்பியின் அழுகை நின்றது.

பிட்டை வெளியே இழுத்தாள். நுனியில் அவனுடைய நீலச் சட்டையின் நூல் சுற்றியிருந்தது.

துளைக்குள் விரலை விட்டுத் தாழ்ப்பாளைத் தள்ளினாள். தம்பி அடுப்புக்குப் பயந்து கதவில் முதுகைச் சாய்த்து நின்றிருக்கிறான். சட்டை கிழிந்திருந்தது; முதுகில் ஒரு கீறல்கூட இல்லை.

"அம்மா, என்னை எதுக்குக் கிள்ளுன?" என்று கேட்டான்.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். சாயங்காலம் அப்பா வந்து வாங்கும்வரை தமரைக் கீழே வைக்கவேயில்லை.