பழுதில்லாத ரெக்கோடர்

எண்பதுகளின் நடுவில் கிழக்கு லண்டனில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்தேன். பக்கத்து மெஷினில் இருந்தவள் ஒரு வியட்நாமியப் பெண். படகேறி வந்தவள், என்னைவிடப் பத்து வயது மூத்தவள். எங்கள் பேச்செல்லாம் அரைகுறை ஆங்கிலம். இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

சட்டைக் கொலர் தைக்கும்போது, தன் ஊர் ஆற்றில் துடுப்புப் போடுகிறவர்களின் பாட்டுகளை அவள் முணுமுணுப்பாள். மெஷின் இரைச்சலில் அது எனக்கு மட்டும்தான் கேட்கும். எந்த இடத்தில் குரல் நடுங்கி இறங்கும் என்பதுகூட எனக்கு அத்துப்படி. எனக்காகவே பாடுகிறாள் என்று நினைத்திருந்தேன்.

பிறகு அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தேவாலய மண்டபத்தில் வியட்நாமியப் பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டுகளைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள். மதியச் சாப்பாட்டு நேரத்திலும் அந்தப் பிள்ளைகளின் கதைதான். அதிலும் ஒரு சிறுமி. "ஒருக்கால் கேட்டாலே பிடிச்சிடுவாள்" என்று சொல்லும்போது அவள் முகம் மலர்வதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பாதிச் சோற்றோடு பெட்டியை மூடிவிடுவேன்.

ஒருநாள் கேட்டாள்: "உன்ரை கசெற் ரெக்கோடரைக் கொண்டுவாறியே? பாட்டுகளைப் பதிஞ்சு குடுத்தால் பிள்ளைகள் வீட்டிலை கேட்டுப் பழகுவினம்."

"அது பழுதாப்போச்சு" என்றேன்.

அன்று பின்னேரம் நான் சமைக்கும்போது அதே ரெக்கோடர் எங்கள் குசினியில் பாடிக்கொண்டிருந்தது. கணவரிடம் நடந்ததைச் சொன்னேன்.

"உமக்கு அந்தச் சின்னப் பிள்ளையோடை போட்டியே?" என்று சிரித்தார்.

"ஓம், எரிச்சலாத்தான் கிடக்கு."

அடுத்த வாரம் அவள், "என்ரை தம்பி ரேடியோ திருத்திறவன். ஞாயிற்றுக்கிழமை கொண்டு வா" என்றாள். தப்ப வழியில்லை. தேவாலய மண்டபத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். தம்பி பிளக்கைச் செருகிப் பொத்தானை அமத்தினார். கசெற் உடனே சுழன்றது. அவர் என்னைப் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

"இவன்ரை கை பட்டாலே சரிவந்திடும்" என்று சிரித்தபடி அவள் எனக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். அவளுக்கு விளங்கியிருக்கும். ஒருநாளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

சிறுமி பாடினாள். எங்காவது பிழைவிடமாட்டாளா என்று காத்திருந்தேன். விடவில்லை. என் கண்கள் கலங்கியது அதனால்தானா, பாட்டினாலா என்று இன்றும் தெரியாது.

அந்தக் குளிர்காலம் முழுவதும் நானே பதிந்து, பிள்ளைகளுக்குப் பிரதியும் எடுத்துக் கொடுத்தேன். தொண்ணூறுகளில் தொழிற்சாலை மூடப்பட்டு, நாங்கள் லண்டனின் மறுபக்கம், கிங்ஸ்பரிக்குக் குடிவந்த பின்னும் இடைக்கிடை அந்த வகுப்புக்குப் போய்வந்தேன். பொறாமை முழுதாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய். அவள் தனியாகப் பாடியவற்றை மட்டும் ஒரு கசெற்றில் சேர்த்தெடுத்தேன். அதற்குப் பிரதி எடுக்கவில்லை. அவளிடமும் சொல்லவில்லை.