இறக்கம்தானே, என்ன பயம்?

போன ஞாயிற்றுக்கிழமை கொல்லிமலையில் ஒரு சைக்கிள் பந்தயம். நமக்கு வீட்டு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும்... ஆனால் அடுத்தவர் ஏறுவதைப் பார்க்க ஆசை விடுமா? மலை உச்சியில், கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கம் ஆரம்பிக்கும் இடத்தில் போய் நின்றுகொண்டேன்.

அடிவாரத்திலிருந்து ஏறி, மேலே ஒரு சுற்று சுற்றிவிட்டு, அதே வளைவுகள் வழியாக இறங்கி சேந்தமங்கலத்தில் முடிக்க வேண்டும். எல்லோரும் சம்பளம் வாங்கி ஓட்டும் தொழில்முறை வீரர்கள்.

என் பக்கத்தில் ஒரு வேன் நிறைய சேந்தமங்கலத்து ஜனம். அவர்கள் ஊர்ப் பையன் கார்த்தி பந்தயத்தில் இருக்கிறான். மேளம், ஃப்ளெக்ஸ் சகிதம் வந்திருந்தார்கள். அவனுடைய தாய்மாமா பழனிச்சாமி கையில் பெரிய மாலை.

மேல் சுற்றை முடித்துக்கொண்டு கார்த்தி இரண்டாவதாக வந்தான். மேளம் காதைப் பிளந்தது. வந்தவன்... எங்கள் முன்னால் காலை ஊன்றி நின்றுவிட்டான்.

சைக்கிள் பழுதா? இல்லை. விழுந்தானா? அதுவும் இல்லை. முகம் மட்டும் வெளுத்திருந்தது.

"நான் விலகிக்கிறேங்க" என்றான்.

பைக்கில் வந்த நடுவர் "நம்பரைக் கொடுங்க" என்று கையை நீட்டினார். விலகுகிறவர், முதுகில் குத்தியிருக்கும் நம்பர் துணியைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். அதுவரை அவர் பந்தயத்தில் இருப்பதாகத்தான் அர்த்தம்.

கார்த்தி கையைப் பின்னால் கொண்டுபோனான். விரல்கள் துழாவின. ஊக்கு அகப்படவில்லை.

"மாமா, இதைக் கொஞ்சம் கழட்டி உடுங்க."

மாமா அசையவில்லை. "என்ன கண்ணு இப்படிப் பண்றே? ஏத்தமெல்லாம் ஏறிட்டே. இனி எறக்கந்தானே? மிதிக்கக்கூட வேண்டாம், சும்மா உக்காந்தாப் போதும்!"

"ரோடு ரெண்டு ரெண்டாத் தெரியுதுங்க மாமா..."

"எல்லாம் வெயிலு. நாலு வளைவு எறங்குனாச் சரியாப் போயிரும் சாமி."

இதற்குள் மூன்றாவதாக வந்தவர் எங்களைக் கடந்து போய்விட்டார். கூட்டம் கொதித்தது. "ஊர் மானத்தை வாங்கிட்டானே!" என்று ஒருவர் கத்தினார். செல்போன்கள் உயர்ந்தன. இரண்டு பேர் சீட்டைப் பிடித்து அவனை முன்னால் நகர்த்தவே ஆரம்பித்துவிட்டார்கள். அங்கே ரோடு சட்டென்று மடங்கிக் கீழே போகிறது. தடுப்புச் சுவருக்கு அப்பால் மரங்களின் தலைகள் மட்டும்தான். பாவிகள், தள்ளியே விடுவார்களோ?

மாமா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "குடிச்சுப்போட்டுக் கெளம்பு."

கார்த்தி கையை நீட்டினான். பாட்டிலுக்கு ஒரு சாண் தள்ளி... காற்றைப் பிடித்தான். மறுபடியும் நீட்டினான். மறுபடியும் காற்றுதான்.

மாமா பாட்டிலைத் தாழ்த்தினார். "உடுங்கடா அவனை!" என்று சீட்டைப் பிடித்திருந்தவர்களை விலக்கினார். மாலையைக் கீழே போட்டுவிட்டு, அவன் பின்னால் போய் ஒவ்வொரு ஊக்காகக் கழற்றினார். துணி நடுவர் கைக்குப் போனது.

மருத்துவ வேன் வந்தது. "நீ போ கண்ணு. சைக்கிளை எடுத்துக்கிட்டுப் பின்னாலயே வாரேன்" என்றார் மாமா.

சம்பளம் வாங்குகிறவர் பாதியில் விலகினால் விமர்சிக்கக் கூடாதா? தாராளமாகச் செய்யுங்கள். சாக்குச் சொல்லி விலகுகிறவர்களும் உண்டுதான். ஆனால் அந்த உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று அந்த நிமிஷம் தெரிந்தவர் அவர் ஒருவர்தானே? நிறுத்து என்று அவர் சொன்னால் முதலில் நிறுத்துவோம் — விசாரணையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். ஊரே மேளத்தோடு காத்திருக்கும்போது காலை ஊன்றுவதற்கும் துணிச்சல் வேண்டும், ஐயா!

மானத்தைப் பற்றிக் கவலைப்பட்டவர் மட்டும் விடுவதாக இல்லை. "ஏனுங்க, கையில இருந்ததை இப்படி உட்டுட்டானே... நானா இருந்தா உருண்டாவது போயிருப்பேன்."

மாமா சைக்கிளை அவர் பக்கம் திருப்பி நிறுத்தினார்.

"இந்தாங்க. போயிட்டு வாங்க."

என்ன ஆச்சரியம்... சரியாக அந்த நேரம் பார்த்து அவருக்கு ஒரு போன் வந்துவிட்டது!