காம்பஸைக் காணோம் சார்

ரேகை எடுக்கும் மைக்கு ஒரு வாசனை உண்டு. எண்ணெயில் விளக்குக் கரியைக் குழைத்தது போல மூக்கில் ஒட்டிக்கொண்டு நெடுநேரம் போகாது. எங்கள் பள்ளிக்கூடத்து மை அப்படியல்ல. தூளைத் தண்ணீரில் கரைத்து மேசைக் குழியில் ஊற்றிவைக்கும் அந்த நீல மை லேசாகப் புளிப்பு அடிக்கும், விரலில் பட்டால் தலைமுடியில் துடைத்துக்கொள்வோம், அதோடு சரி. அந்தக் கரி மையை நான் முதன்முதலாக முகர்ந்தது நாலாம் பாரம், அதாவது இன்றைய ஒன்பதாம் வகுப்பு, படித்த வருஷத்தில், ஒரே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாயாண்டியின் கைகளில். பத்து விரல்களும் கறுத்திருந்தன. அந்தக் கறுப்பில் எனக்கும் பங்குண்டு என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

வெள்ளைக்காரர் ஆட்சியின் கடைசி வருஷங்கள் அவை. மதுரைக்கு மேற்கே பல ஊர்களில் குறிப்பிட்ட குடும்பங்களில் பிறந்த ஆண்களையெல்லாம் பிறவித் திருடர்கள் என்று முடிவுகட்டிய சட்டம் ஒன்று இருந்தது. ஊர்ப்பேச்சில் அது "ரேகைச் சட்டம்". மீசை அரும்பியதும் ஸ்டேஷனுக்குப் போய்ப் பத்து விரலையும் பதிய வேண்டும். பொழுது சாய்ந்தால் அங்கேயே போய்த் தலையைக் காட்ட வேண்டும். ஊர் எல்லையைத் தாண்டுவதென்றால் "ராதாரிச் சீட்டு" என்ற அனுமதித் துண்டு கையில் இருக்க வேண்டும். அந்த மக்கள் மற்றவர்களைப் போல உழுதார்கள், கிணறு வெட்டினார்கள், பருத்தி போட்டார்கள். ஆனால் தல்லாகுளத்தில் கோர்ட்டுக் குமாஸ்தாவான என் தந்தையின் வீட்டில், அந்தப் பக்கத்து ஆள் கடலைக்காய் விற்க வந்தால், விலை பேசுவதற்கு முன்னால் என் தாய் முற்றத்துச் செம்பை உள்ளே எடுத்து வைப்பார். எங்கள் வீட்டில் அதற்கு வெறுப்பு என்று பெயரில்லை. ஜாக்கிரதை என்று பெயர்.

மாயாண்டி தாமதமாகப் பள்ளியில் சேர்ந்தவன், எங்களைவிட மூன்று வயது மூத்தவன், பள்ளி விடுதியில் தங்கிப் படித்தான். அவன் வகுப்புக்குள் நுழைந்தால் பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும்: "டேய், மாயாண்டி வாரான், பைய மடியில வச்சுக்கங்கடா!" அவனும் சிரித்துக்கொண்டே, "ஒங்க பையில என்னடா இருக்கு, பழைய சோறு. அத எவன் எடுப்பான்?" என்பான். அந்தச் சிரிப்பைப் பார்த்து அவனுக்கு அது வலிக்கவில்லை என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம். அப்படி எண்ணுவது எங்களுக்கு வசதியாக இருந்தது.

வட்டத்துக்கு மையம் எது, ஆரம் எது என்று ஆசிரியர் கரும்பலகையில் விளக்கி எனக்குப் புரியாமல் போன நாளில், மாயாண்டிதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தான். "இதுல என்ன மாப்ள இருக்கு? கெணறு வெட்டயில எங்கய்யா நடுவுல குச்சிய ஊண்டி, கயித்தக் கட்டிச் சுத்தி வருவாரு. குச்சிதான் மையம், கயிறுதான் ஆரம். அம்புட்டுத்தான்." அதற்குப் பிறகு கணக்கில் வட்டம் என்றால் எனக்கு இன்றுவரை ஒரு கிணறுதான் தெரியும்.

அந்த வருஷம் அவனுக்கு ரேகை வைக்கும் வயது வந்துவிட்டது. படிக்கிற பையன், நல்ல நடத்தை உள்ளவன் என்று தலைமை ஆசிரியர் எழுதிக் கொடுத்தால் பெயரை விட்டுவிடுகிறோம் என்று ஸ்டேஷனில் சொல்லியிருந்தார்கள். எழுதிக் கொடுக்காவிட்டால் படிப்பு முடிந்தது. பொழுது சாய்ந்தால் சொந்த ஊர் ஸ்டேஷனில் நிற்க வேண்டியவன் மதுரை விடுதியில் எப்படித் தங்குவான்? அதனால் அவனுடைய தந்தை, ராதாரிச் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, துவைத்த வேட்டியில் வந்து தலைமை ஆசிரியரின் அறை வாசலில் நின்றார். ஆசிரியர் இல்லாதபோது வகுப்பைக் கண்காணிக்கும் சட்டாம்பிள்ளை நான். போதாததற்கு அவன் பெஞ்சுக்காரன். என்னைக் கூப்பிட்டார்கள்.

"இவன் பக்கத்துல ஒக்காந்திருக்கவன் நீதான? ஒன் சாமான் ஏதாச்சும் காணாமப் போயிருக்கா?" என்று கேட்டார் தலைமை ஆசிரியர். அவருடைய பேனா ஏற்கெனவே காகிதத்தின் மேல் இருந்தது.

முந்தின நாளிலிருந்து என் பித்தளைக் காம்பஸ் பெட்டியில் இல்லை. "காம்பஸைக் காணோம் சார்" என்றேன். மாயாண்டி எடுத்தான் என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லாதபடி அந்த அறையில் இருந்த எல்லோருக்கும், எனக்கும்கூட, அது முன்பே தெரிந்திருந்தது.

"எம்மகன் எடுத்திருக்க மாட்டான் சாமி" என்றார் வாசலில் நின்றவர்.

தலைமை ஆசிரியர் பேனாவை மூடினார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்போம். காம்பஸ் கெடைச்சா எழுதித் தாரேன்."

காம்பஸ் அன்று மாலையே கிடைத்தது. என் அக்கா தலையணை உறையில் பூ வேலைக்கு வட்டம் போட எடுத்துப்போய், நூல் கூடையில் வைத்திருந்தாள். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு தந்தையிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் வாசித்துக்கொண்டிருந்த கோர்ட்டுக் காகிதங்களிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பேசாம இரு. இப்பப் போயிச் சொன்னா ஒன்னத்தான் பொய்யன்னு நெனைப்பாக. இன்னைக்கு எடுக்கலேன்னா நாளைக்கு எடுக்கத்தான் போறான்."

அந்த வாக்கியத்தை நான் போர்வை போல இழுத்துப் போர்த்திக்கொண்டேன். நாள்தோறும் தலைமை ஆசிரியரின் அறையைக் கடந்து போனேன். கதவு திறந்தே இருந்தது. வெள்ளிக்கிழமையும் போயிற்று. தந்தைமேல் பழியைப் போட்டுவிடலாம். ஆனால் அவர் என் வாயைப் பொத்தவில்லை. சட்டாம்பிள்ளை என்ற பெயர் கெட்டுவிடுமே என்று நானாகத்தான் வாயைத் திறக்கவில்லை.

மறு வாரம் மாயாண்டி தன் துணிமணியை எடுத்துப்போக விடுதிக்கு வந்தான். பள்ளிக்கூடத்துக் குழாயடியில் உட்கார்ந்து செங்கல் துண்டால் விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தான். தோல் சிவந்ததே தவிர மை போகவில்லை. என்னைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"ஒன் காம்பஸ் கெடைச்சுச்சா மாப்ள?"

அது அந்த நேரத்தில் என் தோள் பையில் இருந்தது. இல்லை என்று தலையை ஆட்டினேன்.

அவன் தன் தகரப் பெட்டியைத் திறந்து, அவனுடைய காம்பஸை எடுத்து என்னிடம் நீட்டினான். அதன் பித்தளையில் அவன் கட்டைவிரல் கறுப்பாகப் பதிந்தது. "இத வச்சுக்க. கணக்குல கோட்டை விட்டுறாத. எனக்கு இனிமே குச்சியும் கயிறும் போதும். வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு நான் அவனைப் பார்க்கவில்லை. தேடவுமில்லை. சுதந்திரத்தை ஒட்டி அந்தச் சட்டம் ஒழிந்தபோது ஊரெல்லாம் மகிழ்ந்தது, நானும் மகிழ்ந்தவன்போல இருந்துகொண்டேன்.

பிறகு நான் ஆசிரியரானேன், தலைமை ஆசிரியருமானேன். முப்பது வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்கு "நன்னடத்தை உள்ளவர்" என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன், ஒருவரையும் விசாரிக்காமல். சென்ற மாதம், ஓய்வூதியத்துக்காக, நான் இன்னும் உயிரோடிருப்பதாகக் காட்டிவிட்டு வரக் கருவூலத்துக்குப் போயிருந்தேன். கை நடுங்குகிறது, கையெழுத்து பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை. "ரேகை வச்சிருங்கய்யா. அழுத்தாதீங்க, நான் உருட்டுறேன்" என்று அங்கிருந்த பெண் என் கட்டைவிரலை மைப்பலகையில் வைத்து உருட்டினாள். அந்த வாசனை எழுந்தது. அவள் துடைக்கத் துணி கொடுத்தாள், நான் துடைக்கவில்லை.

திருப்பரங்குன்றம் திரும்புவதற்காகப் பேருந்து நிலையத்தில் நின்றேன். பக்கத்திலிருந்த இளைஞன் ஒருவன் என் விரலைப் பார்த்துவிட்டு, "போர்டு வாசிக்கத் தெரியாதா பெரியவரே? நான் சொல்றேன், நில்லுங்க" என்றான். நான் மறுக்கவில்லை. அவன் ஒவ்வொரு பேருந்தாக எனக்குப் பொறுமையாக வாசித்துச் சொன்னான்.

அந்தச் சட்டம் இன்று இல்லை. ராதாரிச் சீட்டு என்றால் என் பேரனுக்குத் தெரியாது. தலைமை ஆசிரியரும் என் தந்தையும் அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். "காம்பஸைக் காணோம்" என்று சொன்ன வாய் ஒன்றுதான் மிச்சம்.

"இது உசிலம்பட்டி வண்டி, மேக்கே போகுது. ஒங்களுக்கு இதா?" என்று கேட்டான் அந்த இளைஞன்.

இல்லை என்று தலையை ஆட்டினேன்.