இரண்டு மருமகள்களும் ஓர் அமெரிக்க வரலாறும்

எங்கள் வீட்டில் மருமகள்களுக்கு எதை வாங்கினாலும் ஜோடியாகத்தான் வாங்குவார்கள். தீபாவளிக்கு ஒரே டிசைனில் இரண்டு சேலை வரும், பார்டர் நிறம் மட்டும் மாறும். ஒருத்திக்கு மூக்குத்தி என்றால் அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் இன்னொருத்திக்கும் மூக்குத்தி. தலைவலி ஒன்றுதான் தனித்தனியாக வரும். இது என் மாமியார் போட்ட சட்டம். அந்தச் சட்டத்தின் புண்ணியத்தில்தான், வேலூரைத் தாண்டி அதிகம் போயிராத நான் ஆரணியில் உட்கார்ந்தபடி அமெரிக்க வரலாறு படித்தேன்.

எங்களுடையது பட்டுச் சேலைக் கடை. மூத்த மகனான என் கணவர் கடையைப் பார்த்துக்கொண்டார். கொழுந்தனார் கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா போனவர். அவர் மனைவி, அதாவது என் ஓரகத்தி, சேத்துப்பட்டுப் பெண். இங்கிலீஷ் மீடியத்தில் பி.காம். முடித்தவள். கல்யாணம் ஆன கையோடு அவர் பிளேன் ஏறிவிட்டார், இவள் விசாவுக்காக எங்களோடு காத்திருந்தாள். சும்மா காத்திருப்பானேன் என்று அங்கே ஒரு காலேஜில் இன்டர்நெட் வழியாகவே படிக்கிற பாடம் ஒன்றை அவர் கண்டுபிடித்தார். அமெரிக்க வரலாறு. அதில் பாஸானால், போய் இறங்கியதும் அதே காலேஜில் சேர்ந்துவிடலாம். போனில் அவர் இதைச் சொல்ல, மாமியார் ரிசீவரைப் பிடுங்கினார்.

"சின்னவளுக்கு மட்டும் கட்டுனா பெரியவ இன்னா நெனப்பா? ரெண்டு பேருக்கும் சேத்துக் கட்டுடா."

அது படிப்பா பாத்திரமா என்று அவருக்குத் தெரியாது. இரண்டாக வரவேண்டும், அவ்வளவுதான்.

எனக்கோ உள்ளுக்குள் தலைகால் புரியவில்லை. என் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குக் கீழே பி.ஏ. என்று போட்டிருந்தார்கள். உண்மையில் நான் பி.ஏ. வரலாறு இரண்டாம் வருஷத்தில் இருந்தேன். "கல்யாணத்துக்கு அப்பறமா பரிட்சை எழுதிக்கலாம்மா" என்றார் அப்பா. பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் அப்பாக்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் சொல்லும் வார்த்தை அது. பத்திரிகை அச்சான பிறகு காலேஜ் பக்கம் நான் போகவே இல்லை. அந்தப் பொய்யான பி.ஏ. பத்து வருஷமாக என்னை உறுத்திக்கொண்டிருந்தது. ஏதாவது ஒன்றை முழுசாகப் படித்து முடித்தேன் என்று என் பெயரில் ஒரு தாள் வேண்டும். எந்த ஊர்த் தாளாக இருந்தால் என்ன?

கடைக்கும் வீட்டுக்கும் ஒரே டெலிபோன் லைன். கம்ப்யூட்டரில் இன்டர்நெட்டைப் போட்டால் கடைக்குப் போன் வராது. அதனால் மாமனார் சாப்பிட்டுப் படுக்கும் மத்தியான நேரம்தான் எங்கள் காலேஜ். அமெரிக்காவிலிருந்து தலையணை கனத்துக்குப் புத்தகம் வந்தது, சொல்லவேண்டுமா, இரண்டாக வந்தது. சின்னவள் தன்னுடையதைப் பிரிக்கவே இல்லை. நான் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். படித்ததைச் சமையல்கட்டில் அவளுக்குக் கதையாகச் சொல்வேன்.

"யாரு யார சுட்டா எனக்கு இன்னாக்கா? பாஸானா போதும்" என்பாள்.

"சுட்டவனுக்கு அப்பறம் இன்னா ஆச்சுன்னு தெரிய வேணாமாடி?"

"நீங்க தெரிஞ்சிகினு எனக்குச் சொல்லுங்க."

அவள் சோம்பேறி இல்லை. அவளுடைய மனசு ஏற்கெனவே பிளேன் ஏறிவிட்டது. என் மனசு அந்தப் புத்தகத்துக்குள் குடியேறிவிட்டது. எனக்கு அது எவ்வளவு சந்தோஷமான காலம் என்று அப்போதே தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் நிதானமாக அனுபவித்திருப்பேன்.

கடைசியில் பெரிய கட்டுரை ஒன்று எழுதச் சொன்னார்கள். அந்த நாட்டின் வடகிழக்கில் ஆற்றங்கரை ஓரமாகத் துணி மில்கள் வந்தபோது, கிராமத்துப் பெண்கள் வீட்டை விட்டு வேலைக்கு வந்து தங்கினார்களே, அவர்களைப் பற்றி. எனக்கு எழுத நிறைய இருந்தது. என் மாமியார் சின்ன வயசில் தன் அப்பா தறிக்குத் தார் சுற்றியவர், ஊடை நூலைச் சின்னக் குழலில் சுற்றித் தரும் வேலை. அவர் சுற்றாமல் ஒரு சேலையும் நகர்ந்ததில்லை. ஆனால் கூலி வந்தது அப்பா பெயருக்கு. அந்த மில் பெண்களுக்கோ வேலை எவ்வளவு கொடுமையாக இருந்தாலும் கூலி அவரவர் பெயருக்கு வந்தது. பெயர் என்பது சின்ன விஷயமா என்று கேட்டுக் கட்டுரையை முடித்தேன். நான் தமிழில் சொல்லச் சொல்ல, சின்னவள் இங்கிலீஷில் அடித்தாள். அடித்து முடித்து என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நல்லாக்கீதுக்கா. என்னுதுலயும் இதையே போட்டுடட்டுமா?"

"போடேன்" என்றேன்.

எங்கள் இருவருக்குமே அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. ஒரே அடுப்பில் ஒரே குழம்பு வைத்து இரண்டு பேர் கையாலும் பரிமாறுகிற வீடு. ஊரில் தறியில் ஒரு பாவு நூல் போட்டால் அதிலிருந்து மூன்று சேலை அறுப்பார்கள், இரண்டாவது சேலையை யாரும் திருட்டுச் சேலை என்று சொன்னதில்லை. இரண்டு கட்டுரைகளும் போய்ச் சேர்ந்தன. இரண்டிலும் ஒரே மாமியார், ஒரே தார்.

பாடம் நடத்திய பேராசிரியை எங்கள் இருவருக்கும் தனித்தனியாக மெயில் அனுப்பினார். கோபமே இல்லாத மெயில், அதுதான் பயமாக இருந்தது. இதை எழுதியது யார், பார்த்து எழுதியது யார் என்று எங்களில் ஒருவராவது சொல்ல வேண்டும். பார்த்து எழுதியவருக்கு மட்டும் பாடம் ரத்து. சொல்லாவிட்டால் இருவருக்கும் ரத்து, காலேஜ் பதிவேட்டிலும் அது ஏறும். சின்னவள் முகம் வெளுத்துவிட்டது. அந்தக் காலேஜில்தானே அவள் சேர வேண்டும்? விசா இன்டர்வியூவுக்கு வேறு நாள் குறித்தாகிவிட்டது. சாப்பிடாமல் அழுதாள்.

அவள் மெட்ராஸுக்கு இன்டர்வியூவுக்குப் போன அன்று நான் மெயிலைத் திறந்து, நான்தான் அவளைப் பார்த்து எழுதினேன் என்று அனுப்பிவிட்டேன். அந்த இங்கிலீஷ் முழுக்க முழுக்க என்னுடையது. அதில் எத்தனை பிழை இருந்ததோ, படித்ததும் அந்த அம்மாள் உடனே நம்பியிருப்பார்.

திரும்பி வந்தவள் விஷயம் தெரிந்ததும் என்னைக் கட்டிக்கொண்டு, "ஏங்க்கா இப்டி பண்ணீங்க? நான் உண்மைய எழுதிடறேங்க்கா" என்றாள். நிஜமாகவே கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். நான்தான் யாரிடமும் சொல்லக் கூடாது என்று சொல்லி எழுப்பி அனுப்பினேன். மூத்தவள் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த காது. அன்றைக்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் மறைக்கவில்லை.

ஆனால் ஒன்றை எதிர்பார்த்தேன். விஷயம் பணம் கட்டிய கொழுந்தனார் வழியாக என் கணவருக்குப் போகும், 'நீயா காப்பியடிச்ச? இருக்காதே' என்று ஒரு வார்த்தை அவர் கேட்பார் என்று. அகராதியும் கையுமாக நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர் அவர். விஷயம் தெரிந்த அன்று கடையிலிருந்து வந்து கைகால் கழுவினார், சாப்பிட உட்கார்ந்தார்.

"பரவால்ல வுடு. உனக்கு எதுக்கு அந்த ஊரு கதையெல்லாம்?" என்றார். ஒரு நிமிஷம்கூடச் சந்தேகப்படவில்லை. அவருக்கு அது நம்பச் சுலபமாக இருந்தது. பாடம் போனதைவிட அதுதான் எனக்கு வலித்தது.

சின்னவள் பாஸாகி, அமெரிக்கா போய், காலேஜில் சேர்ந்து, பிறகு கணக்கு வழக்குப் படித்து நல்ல வேலைக்கும் போனாள். வரும்போதெல்லாம் எனக்கென்று தனியாக ஏதாவது கொண்டுவருவாள், ஜோடிச் சட்டத்தை மீறி. அவள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இங்கேதான் அந்தக் கதை வளர்ந்தது. பெரிய மருமகள் காப்பியடித்து அமெரிக்காக்காரியிடம் மாட்டிக்கொண்டாள் என்பது கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிக்கும் கதையாயிற்று. நானும் கூடச் சிரித்தேன். சிரிக்காமல் இருந்திருக்க வேண்டும்.

என் மகள் பன்னிரண்டாவது முடித்தாள். பள்ளியில் ஒருமுறை எங்கள் பக்கத்துத் திருமலைக்கு அழைத்துப் போனார்கள். அங்கே சமணர் குகையில் மங்கிப்போன ஓவியங்களைப் பார்த்து வந்ததிலிருந்து அவளுக்கு வரலாற்றுப் பைத்தியம். மெட்ராஸில் பி.ஏ. வரலாறு படிக்கிறேன் என்றாள். என் கணவர் கெட்டவர் இல்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"உங்கம்மா ஹிஸ்டரி படிச்ச லட்சணம் தெரியாதா? காப்பியடிச்சி மாட்டிகினா. அந்த ரத்தம்தானே உனக்கும்? பேசாம பி.காம். சேரு."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் விட்டுக்கொடுத்தது என் பங்கை மட்டும் என்று நினைத்திருந்தேனே!

"அது நான் எழுதுனதுங்க" என்றேன். "ஒவ்வொரு வரியும் நான் சொன்னது. அவ டைப் அடிச்சா, அவ்ளோதான். அவளுக்காகத்தான் அப்டி மெயில் போட்டேன். வேணும்னா போன் போட்டு அவளையே கேளுங்க."

"இத்தினி வருஷம் கழிச்சா? இதுக்கோசரம் அவளுக்குப் போன் போட்டு பேஜார் பண்ணணுமா? வுடு" என்று அவர் டிவியைப் பெரிதாக வைத்தார்.

மகள் என் பின்னாலேயே சமையல்கட்டுக்கு வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது. அவளாவது நம்பினாளே என்று எனக்கு நெஞ்சு நிறைந்தது.

"எனக்கோசரம் நீ இப்டியெல்லாம் பொய் சொல்லாதம்மா" என்றாள். "அப்பாகிட்ட நானே பேசிக்கிறேன்."