அனஸ் மாட்டிய சிவப்புப் பெட்டி

முகமது அனஸ் ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழுவான் என்பது லெப்பைக்குடிக்காட்டில் பலருக்கும் தெரிந்த சங்கதி. தெரியாதவர்களுக்கு அவன் லாத்தா என்று கூப்பிடுகிற அக்கா மர்ஜியா சொல்லிவிடுவாள். சின்ன வயதில், பக்ரீது அன்று குர்பானி ஆட்டைக் கொல்லைக்கு ஓட்டுவதற்கு முன்பே அவன் மாடியேறிப் போர்வைக்குள் புகுந்துகொள்வான். கறி கொதிக்கிற வாசம் வந்த பிறகுதான் இறங்குவான். இறங்கியதும் முதல் தட்டு அவனுக்குத்தான் வேண்டும்.

"எந்தம்பி சுத்த சைவம், சட்டி அடுப்புல ஏறுற வரைக்கும்" என்பாள் மர்ஜியா.

அப்படிப்பட்டவன் சவூதியில், தம்மாமில் ஓர் இரும்புப் பட்டறையில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, பஸ் ஸ்டாப் பக்கத்தில் கூரைத் தகரமும் ஆணியும் விற்கிற கடை ஒன்றைத் திறந்தான். திறந்த கையோடு, ரத்தப்போக்கை நிறுத்தும் சாமான்கள் அடங்கிய பெட்டி ஒன்றை ஊருக்குப் பொதுவாக மாட்டப் போவதாகச் சொன்னான். மர்ஜியா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்ச் சிரித்துத் தீர்த்துவிட்டு வந்தாள்.

அவன் சிரிக்கவில்லை. "பட்டறைல தூணுக்குத் தூணு அந்தப் பெட்டி தொங்கும் லாத்தா. ஒரு நாளு கட்டிங் மெஷின் வட்டு ஒடஞ்சு ஒரு நேபாளிக்காரரு தொடையைக் கிழிச்சிருச்சு. டாக்டர் வந்தா காப்பாத்துனாரு? பக்கத்துல நின்ன வெல்டரு பெட்டியத் தொறந்து கட்டுனாரு. பெரிய ரத்தக்குழாய் அறுந்தா கொஞ்ச நிமிஷத்துல ஆளு போயிரும். நூத்தியெட்டு வர்ற வரைக்கும் கையைப் பெசஞ்சுக்கிட்டு நிக்கிறதா?"

"அது சரி. நீ எங்கடா நின்னே அப்ப?"

"பக்கத்துலதான்."

"நின்னியா, கெடந்தியா?"

"கொஞ்ச நேரம் கெடந்தேன்" என்றான் அனஸ்.

பெட்டி வந்தது. சிவப்புத் தகரப் பெட்டி. உள்ளே குச்சி வைத்து முறுக்குகிற கறுப்பு இறுக்குப் பட்டைகள், காயத்துக்குள் திணிக்கிற நீளமான துணிச் சுருள்கள், கையுறை, ஒரு கத்திரி, பட்டையில் நேரம் குறிக்க ஒரு பேனா. வைத்திலிங்கத்தின் டீக்கடைச் சுவரில் மாட்டினார்கள். விடியலில் திறந்து கடைசி பஸ் போன பிறகு சாத்துகிற கடை அது ஒன்றுதான். வைத்திலிங்கம் ஆயுத பூஜைக்குப் பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். யாரோ அனஸிடம் கோள் சொன்னதற்கு, "வைக்கட்டும். நாலு பேரு கண்ணுல நல்லாப் படும்" என்று விட்டுவிட்டான்.

சாயங்காலமானால் டீ குடிக்க வந்தவர்களில் ஒருவரை உட்காரவைத்துத் தொடையில் பட்டையைக் கட்டிக் காட்டுவான். கொஞ்ச நாளில், டீ குடிக்கப் போனால் கால் போய்விடும் என்று ஊரில் பேச்சாகிவிட்டது.

வியாழக்கிழமைதோறும் பெட்டியைச் சரிபார்க்கிற வேலையை மர்ஜியா யாரும் கேட்காமலே எடுத்துக்கொண்டாள். படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டாலும், அவள் வீட்டு அடுக்களையில் கடுகு டப்பா கூட முகம் திரும்பி நிற்காது. முதல் வாரமே கத்திரியைக் காணவில்லை. டீக்கடை மேசையில், பால் பாக்கெட்டுகளுக்கு நடுவே கிடந்தது. அடுத்த வாரம் ஒரு துணிச்சுருள் குறைந்தது. அவள் சுற்றிப் பார்த்தாள். டீ வடிகிற பாத்திரத்தின் வாயில் அது கட்டியிருந்தது.

"என்னண்ணே இது?"

"சுத்தமான துணி தங்கச்சி. டீ எவ்ளோ தெளிவா எறங்குது பாரு" என்றார் வைத்திலிங்கம், கொஞ்சமும் கூசாமல்.

மர்ஜியா அன்றைக்கே தீர்மானித்துவிட்டாள். பெட்டிக்குப் பூட்டு போட வேண்டும்.

"பூட்டுனா அது பெட்டி இல்ல லாத்தா, பீரோ" என்று அனஸ் மன்றாடினான். "யாரு வேணா, எப்ப வேணா தொறக்கணும். அதுக்குத்தானே சுவத்துல மாட்டுறது?"

"யாரு வேணா தொறந்துதான் டீ வடிக்கிறாங்களே."

துணியை எடுத்தவரே இப்போது மர்ஜியா பக்கம் சேர்ந்துகொண்டார். "தங்கச்சி சொல்றதுதான் சரி தம்பி. தொறந்து கெடந்தா நாயும் நக்கும். சாவி எங்கிட்ட இருக்கட்டும். கல்லாச் சாவியோட சேத்து முடிஞ்சுக்கிறேன்."

கல்லாச் சாவி அவர் அரைஞாண் கயிற்றில் இருந்தது. அதைவிடப் பத்திரமான இடம் ஊரில் இல்லை என்பது எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம். அனஸ் தன் கடையிலிருந்து பூட்டு தர மாட்டேன் என்றான். மர்ஜியா பெரம்பலூருக்குப் பஸ் ஏறிப் போய், கடை கடையாக இழுத்துப் பார்த்து, எந்த இழுப்புக்கும் அசையாத ஒரு பூட்டை வாங்கி வந்தாள். வழியெல்லாம் அவளுக்குப் பெருமைதான்.

தை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் மதியத்துக்கு மேல் அவள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வைத்திலிங்கம் வெள்ளாற்றுக்குக் குளிக்கப் போயிருந்தார். முங்கி எழுந்து வந்துதான் சாயங்கால அடுப்பைப் பற்றவைப்பார். அவர் வந்தால்தான் சாவி, சாவி வந்தால்தான் சரிபார்ப்பு.

எதிரே ராஜவேல் தன் குட்டி யானை வண்டியை நிறுத்தினான். குரும்பலூர்க்காரன். அனஸ் கடையில் வீட்டுக் கூரைக்குத் தகரம் ஏற்றிக்கொண்டு கிளம்பியவன், கயிறு தளர்ந்திருக்கிறதே என்று இறுக்கிக் கட்ட இறங்கினான். இழுத்த இழுப்பில் கயிறு அறுந்தது. மேல் தகரம் வழுக்கி வந்து அவன் முழங்காலுக்குக் கீழே பின்பக்கமாக இறங்கியது.

ரத்தம் விட்டு விட்டுப் பீய்ச்சியது. மர்ஜியா எப்படி ரோட்டைத் தாண்டினாள் என்பது அவளுக்கே தெரியாது. முந்தானையைச் சுருட்டிக் காயத்தில் வைத்து, இரண்டு கையாலும் தன் உடம்புப் பாரம் முழுவதும் இறங்கும்படி அழுத்தினாள். தம்பி மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததைக் கிண்டல் செய்வதற்காகவே கவனமாகக் கேட்டு வைத்தவள் அவள். துணி நனைந்து விரல்களில் சூடு ஏறிக்கொண்டே இருந்தது.

அனஸ் சுத்தியலோடு ஓடிவந்தான். ராஜவேலைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. "கையை எடுத்துராத லாத்தா" என்று சொல்லிவிட்டுப் பெட்டியிடம் போனான். பூட்டில் ஓங்கி அடித்தான். மறுபடியும் அடித்தான். நல்ல பூட்டு. அது அசையவில்லை.

"அண்ணே, நான் செத்துருவனா?" என்றான் ராஜவேல், தலையைத் திருப்பி.

"சாவ மாட்டே. வலிக்கும். கத்திக்க" என்றான் அனஸ், அடித்துக்கொண்டே.

இதற்குள் யாரோ ஆற்றங்கரைக்குக் குரல் கொடுக்க, வைத்திலிங்கம் ஈர வேட்டியோடு ஓடிவந்தார். அரைஞாண் கயிறு நனைந்து முடிச்சு இறுகிக் கிடந்தது. நகத்தால் நெம்பினார், வரவில்லை. கயிற்றை அறுக்கக் கத்திரி வேண்டும். கத்திரி பெட்டிக்குள் இருந்தது.

"ஏறுங்கண்ணே பெஞ்சு மேல" என்றான் அனஸ்.

அவர் ஏறி, சாமி கும்பிடுகிறவர் மாதிரி சுவரோடு ஒட்டி நின்றார். வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தொப்பையைப் பெட்டியோடு சேர்த்து அழுத்தினார். அனஸ் அவர் இடுப்பிலிருந்த சாவியை அப்படியே பூட்டுக்குள் விட்டுத் திருகினான். வேறொரு நாளாக இருந்தால் ஊரே சிரித்திருக்கும். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை.

பட்டையை முழங்காலுக்கு மேலே, தொடையில் சுற்றி இழுத்தான். குச்சியை முறுக்கினான். ராஜவேல் அலறினான். இன்னும் ஒரு முறுக்கு. மர்ஜியாவின் விரல்களுக்குக் கீழே இருந்த துடிப்பு நின்றது. குச்சியைக் கொக்கியில் மாட்டி, பட்டையில் நேரத்தை எழுதினான். அவன் கை நடுங்குகிறதா என்றுதான் மர்ஜியா பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்து அச்சடித்த மாதிரி விழுந்தது.

நூற்றியெட்டு வந்து ராஜவேலைப் பெரம்பலூருக்கு ஏற்றிக்கொண்டு போனது. அனஸ் டீக்கடைத் தொட்டியில் கை கழுவப் போனான். தண்ணீர் சிவந்து ஓடுவதைப் பார்த்தான். அப்படியே சிமெண்டு மூட்டை மாதிரி சரிந்தான்.

கூட்டம் கூடியது. மர்ஜியா அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். "என்ன பாக்கிறீங்க? வேலை முடிஞ்ச பொறவுதானே வுழுந்தான்."

சோடா தெளித்ததும் அனஸ் கண் திறந்து, "ஆளு?" என்றான்.

"வண்டில பேசிக்கிட்டேதான் போனான். நீதான் பேச்சு மூச்சு இல்லாமக் கெடந்தே."

அன்று சாயங்காலம் வைத்திலிங்கம் பூட்டைக் கழற்றி அவளிடம் நீட்டினார். "மறுபடியும் எவனாவது துணிய எடுத்தா என்ன பண்றது தங்கச்சி?"

"எவனாவதா?" என்றாள் மர்ஜியா. அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டார். "எடுத்தா வேற வாங்கி வைப்போம். உங்களுக்கு ஒரு டீ வடிகட்டி நானே வாங்கித் தரேன். இனிமே இதுல பூட்டு தொங்கக் கூடாது."

அனஸ் அவளை நிமிர்ந்து பார்த்தான். ஆனால் அன்றைக்கே சொன்னேனே என்று குத்திக்காட்டவில்லை. அந்த நல்ல குணம் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு என்று மர்ஜியா மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். வெளியில் சொன்னால் தலைக்கு ஏறிவிடும்.

ராஜவேல் கால் பிழைத்தது. அவன் ஊன்றி நடக்க ஆரம்பித்த பிறகு, அவன் மனைவி ஜெயசுதா ஒரு பை நிறைய மக்காச்சோளக் கதிரோடு டீக்கடைக்கு வந்தாள். பெட்டிக்கு முன்னால் நின்று, கதவைத் தானே திறந்து உள்ளே பார்த்தாள்.

"எங்க ஊருல கதிரடிக்கிற மெஷின் ஓடுற களம் ஒண்ணு இருக்குங்க. அங்க இது மாதிரி ஒண்ணு வைக்க முடியுங்களா? ஆனா எனக்குக் கட்டத் தெரியாதே."

"அதுக்கென்ன, கத்துக்கலாம்" என்று மர்ஜியா தம்பியைப் பிடித்துப் பெஞ்சில் உட்காரவைத்தாள். "இந்தக் காலுல கட்டிப் பாரு."

ஜெயசுதா பட்டையைச் சுற்றி, பயந்து பயந்து குச்சியைத் திருகினாள். பிறகு பயம் போய்த் திருகினாள். அனஸ் பல்லைக் கடித்துக்கொண்டு, "போதும்மா, போதும்" என்றான்.

அவள் கை நின்றது. மர்ஜியாவைப் பார்த்தாள்.

"போதுமான்னு அவங்கிட்ட கேக்காத" என்றாள் மர்ஜியா. "ரத்தத்துக்கிட்ட கேளு. இன்னும் ஒரு முறுக்கு."