பிளாப்பிக்கு வைத்த பொட்டு

மைசூரில் எங்கள் அலுவலகம் கழித்துப்போட்ட லேப்டாப் எனக்குக் கிடைத்தது. விண்டோஸை அது தாங்காது, சிடி டிரைவும் இல்லை. பிளாப்பி போட்டுத்தான் லினக்ஸ் ஏற்ற வேண்டும். கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டால் டைப்பிஸ்ட் நாற்காலியை விட்டு எழுந்துவிடலாம் என்று எனக்கு ஆசை.

ஆயுத பூஜையன்று லேப்டாப் மூடிக்கும் பிளாப்பிக்கும் ஈரச் சந்தனப் பொட்டு வைத்து, பிளாப்பியை உள்ளே தள்ளினேன். டிரைவ் கறகறவென்று இழுத்து நின்றேவிட்டது.

மறுநாள் ரிப்பேர் கடையில் இருந்த ஸ்டெல்லாவின் கழுத்தில் சிலுவை. கேலி செய்வாள் என்று கூசி நின்றேன். டிரைவைக் கழற்றி ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தவள், "சாமி கும்பிட்டது தப்பில்லக்கா. உள்ள போறதுக்கு மட்டும் வெக்காதீங்க, அஷ்டே, அவ்ளோதான்," என்றாள்.

புது பிளாப்பியில் லினக்ஸ் ஏறியது. மூடியிலிருந்த பொட்டை நானே துடைக்கப் போனேன்.

"அது இருக்கட்டும்க்கா," என்று தடுத்தாள்.

சிலுவையைப் பார்த்து அவளை எடைபோட்டதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.